பணம் பத்திரமாக இருக்கிறது

வங்கியில் எல்லாரும் அவளை லைன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த காசாளரும் அப்படித்தான் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. வங்கி என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும் அந்த இடத்தைப் பார்த்தால். கீழே துணிக்கடை, அதை ஒட்டி ஒரு குறுகலான படிக்கட்டு, மேலே இரண்டு அறை, நாலு மேசை. முதலாளி கடைத்தெரு வியாபாரிகளுக்கு வட்டிக்கு விட்டுச் சேர்த்த பணத்தில் உரிமம் வாங்கிப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் அப்பாவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தொழில் பழகினார். இளையவர் கல்லூரியில் படித்துக்கொண்டு, மேடை கிடைத்தால் பேசிக்கொண்டு இருந்தார்.

இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த நடையில் தொலைபேசிப் பலகையைப் பொருத்தியிருந்தார்கள். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் சின்ன விளக்கு எரியும். வயரை எடுத்து உரிய துளையில் செருகினால் இணைப்பு. முன்னால் உள்ள பொத்தானைத் தள்ளினால் அவர்கள் பேசுவது அவள் காதிலும் விழும். லைன் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பொத்தான். அவள் ஒரு விநாடி கேட்டுவிட்டு விட்டுவிடுவாள்.

சேர்ந்த மூன்றாம் மாதம் முதலாளி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“பேசறதெல்லாம் கேப்பியாம்மா?”

“ஐயையோ, இல்லைங்க ஐயா. லைன் வந்திருச்சான்னு மட்டும்தான்.”

“ஏன், காது வலிக்குதா?”

அவளுக்குப் புரியவில்லை. முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பலகையின் மேல் வைத்தார். “இங்க வர்றவங்க காத்திருக்கிற அறையில ஒரு போன் வச்சிருக்கோம்ல? நம்ம காசுல பேசறாங்க. என்ன பேசறாங்கன்னு நமக்கும் தெரிய வேண்டாமா? சாயங்காலம் நோட்ட எங்கிட்ட குடுத்துட்டுப் போ.”

அப்பா அம்மா இல்லாத வீடு அவளுடையது. பன்னிரண்டு வயதுத் தங்கையைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள்.

முதலில் மாட்டியவர் காகித மில்காரர். மாதக் கடைசியில் கடனைப் புதுப்பிக்க வந்தவர், காத்திருந்த நேரத்தில் மச்சானுக்குப் போன் போட்டார். கொதிகலன் வெடித்துவிட்டது, பெரிய ஆர்டர் கைநழுவிப் போய்விட்டது, மூன்று மாதம் கிடைத்தால் எழுந்துவிடலாம், வங்கிக்கு மட்டும் தெரியக் கூடாது. அவள் அத்தனையையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை மில்காரருக்கு மொத்தக் கடனையும் கேட்டுக் கடிதம் போனது. நாற்பதாவது நாள் மில், கால்வாசி விலைக்கு முதலாளியின் குடும்பத்துக்கு வந்துசேர்ந்தது.

கையெழுத்துப் போட வந்த அன்று மில்காரர் அவளிடம் வந்தார். “வீட்டுக்கு ஒரு லைன் போட்டுக் குடுங்கம்மா.”

போட்டுக் கொடுத்தாள். பொத்தானையும் தள்ளினாள். “முடிஞ்சிருச்சு,” என்றார் அவர் மனைவியிடம். “பிள்ளைங்ககிட்ட இப்ப சொல்லாதே.” ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பி, “ரொம்ப நன்றிம்மா. இந்த ஆபீஸ்ல மனுஷன மனுஷனா மதிச்சுப் பேசறது நீங்க ஒருத்தர்தான்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் நோட்டில் அவள் எழுதியது இது: வீட்டுக்குப் பேசினார். முக்கியமாக ஒன்றும் இல்லை.

அவளுக்கு முதுகு சாய்க்கிற மெத்தை நாற்காலி வந்தது. சம்பளமும் ஒன்றரை மடங்கானது.

அதன் பிறகு குடும்பத்தின் கை ஓங்கிக்கொண்டே போனது. லாரி நிறுவனம், சிமெண்ட் கிடங்கு, கடனில் முழுகிய ஒரு பத்திரிகை என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. துணிக்கடைக்காரரையே காலி செய்யச் சொல்லிவிட்டு, அந்தக் கட்டடத்தை இடித்து நாலு மாடி கட்டினார்கள். அவளுக்கு இப்போது கண்ணாடிக் கதவு வைத்த தனி அறை. பலகையில் எண்பது துளைகள். நோட்டுகள் முதலாளியின் இரும்பு அலமாரியில் அடுக்கடுக்காக ஏறின.

உரிமங்களைக் கவனிக்கிற மந்திரி ஒருவர் அடிக்கடி வங்கிக்கு வருவார். தன் அலுவலக போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் முக்கியமான பேச்சையெல்லாம் வங்கியின் விருந்தினர் அறையில் வந்து பேசினார். எந்த ஒப்பந்தக்காரர் மந்திரியின் மருமகனிடம் எவ்வளவு கொடுக்க வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்பதுவரை வாய் வலிக்கப் பேசினார். லைன் அக்காவின் கை வலித்தது.

ஒரு மாதம் கழித்துப் பன்னிரண்டு புதிய கிளைகளுக்கு உத்தரவு வந்தது. அடுத்த தேர்தலில் மந்திரி உடல்நலம் சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் தொகுதியில் இளையவர் நின்றார். குடும்பத்துப் பத்திரிகை தினமும் முதல் பக்கத்தில் அவர் சிரிப்பைப் போட்டது. ஜெயித்தார். ஐந்தே வருடத்தில் நிதித்துறையில் துணை மந்திரி ஆனார். பதவியேற்ற அன்று முதலாளி அவள் அறைக்கு வந்து, “இதுல உன் பங்கும் இருக்கும்மா,” என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த வருடமே முதலாளி இறந்துபோனார். மூத்தவர் வங்கியின் தலைவரானார்.

இதற்குள் தங்கை வளர்ந்து, வங்கிக் கடனில் கல்யாணமும் நடந்திருந்தது. மாப்பிள்ளை பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கல்யாணமாகி ஆறாம் வருடம் இயந்திரம் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. நஷ்டஈடு வந்தது. தங்கை அதைத் தபால் நிலையத்தில் போடலாம் என்றாள்.

“நம்ம பேங்க் இருக்கும்போது அங்க எதுக்குடி போகணும்?” என்றாள் அக்கா. “வட்டியும் கூடக் கிடைக்கும். நான் உள்ளயே உக்காந்திருக்கேன்.”

தங்கை கணவர் பெயரில் போட்டாள். இரண்டு அறையும் சொந்தக் குழாயும் உள்ள ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணமும் கொடுத்துவைத்தாள். மூன்று மாதத்தில் மீதியைக் கட்ட வேண்டும்.

கெடுவுக்கு இருபது நாள் இருந்தபோது அந்தப் புதன்கிழமை வந்தது.

வங்கி தன் பணத்தில் பாதிக்குமேல் குடும்பத்துக் கம்பெனிகளுக்கே கடன் கொடுத்து, அது திரும்பி வரவில்லை என்று முந்தின நாளே பேச்சு கிளம்பியிருந்தது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் வரிசை தெருமுனை தாண்டியது. ஒன்பதே காலுக்கு மூத்தவர் வெளிநாட்டுக்கு ஒரு அழைப்பு கேட்டார். லைன் அக்கா பழக்கதோஷத்தில் பொத்தானைத் தள்ளினாள்.

“என் கணக்கு, தம்பி கணக்கு, அம்மா கணக்கு. எல்லாத்தையும் பன்னெண்டு மணிக்குள்ள மாத்திடுங்க. பைசா இங்க இருக்கக் கூடாது.”

அதற்குள் பலகை முழுக்க விளக்குகள். மூத்தவர் அவள் அறைக்கு வந்தார். ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார்.

“யார் கூப்பிட்டாலும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். பணம் பத்திரமா இருக்கு, அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். உன் குரல் எல்லாருக்கும் பழக்கம். நீ சொன்னா நம்புவாங்க. அப்புறம், இதுல ஒரு கையெழுத்து போடு. உன் கணக்கையும் எங்களோட சேத்து மாத்தச் சொல்லிட்டேன். நீ நம்ம வீட்டு ஆளு.”

இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் அவள் தாளைப் படித்தாள். முழுவதும் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அளவுக்குப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பதினொன்றே காலுக்குத் தங்கை கூப்பிட்டாள். மளிகைக்கடை போனிலிருந்து பேசினாள். பின்னால் தெருச் சத்தம் கேட்டது.

“அக்கா, இங்க என்னென்னமோ சொல்றாங்க. நான் வந்து எடுத்துடட்டுமா? இவரும் எடுத்துடலாம்னுதான் சொல்றாரு.”

மூத்தவர் அப்போதும் அறையிலேயே இருந்தார். அவள் நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பணம் பத்திரமா இருக்கு,” என்றாள் லைன் அக்கா. “அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.”

“நெஜமாவா அக்கா?”

“பணம் பத்திரமா இருக்கு.”

“சரிக்கா. நீ சொன்னா சரி. உன்ன விட்டா நான் யார நம்பப் போறேன்,” என்று சிரித்துவிட்டு வைத்தாள் தங்கை.

ஒரு மணிக்கு அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை. வங்கிக்குப் பின்வாசல் உண்டு. மளிகைக்கடைக்கு நடந்தால் பத்து நிமிடம். அவள் பின்வாசல்வரை போனாள். அங்கே நின்று ஒரு டீ குடித்தாள். தங்கை வந்தாலும் வரிசையில் இடம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்துக்கொண்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கினார்கள். யாருடைய கைப்பையோ அடியில் மாட்டிக்கொண்டது. உள்ளே நின்ற காவலாளி அதைக் காலால் வெளியே தள்ளினான்.

சாயங்காலம் தங்கை வீடு தேடி வந்தாள். நடந்தே வந்திருந்தாள்.

“எடுத்துடட்டுமான்னு கேட்டேனேக்கா.”

“எனக்கே தெரியாதுடி. சத்தியமா தெரியாது. சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்.”

தங்கை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் பணமும் போச்சாக்கா? இத்தன வருஷம் வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்தியே.”

“ஆமா,” என்றாள் அக்கா.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எதையும் திருத்த முடியாமல் போனது. தன் பணத்தை எடுத்துத் தங்கைக்குக் கொடுக்கலாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? மாதாமாதம் சம்பளத்திலிருந்து என்று சொல்லிக் கொஞ்சம் கொடுத்தாள். வீடு கெடு தாண்டிப் போனது. முன்பணமும் போனது.

வங்கி ஐந்து மாதம் மூடிக் கிடந்தது. பிறகு அரசாங்கம் மக்களின் வரிப்பணத்தைக் கொட்டி அதைத் தூக்கி நிறுத்தியது. அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர் இளையவர். திரும்பாத கடன்களை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. சுத்தமான வங்கி மறுபடியும் குடும்பத்தின் கைக்கு வந்தது. சின்னச் சின்னதாகப் போட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் எட்டு வருடத் தவணையில்.

லைன் அக்கா மூத்தவரிடம் போய் மாப்பிள்ளைக்கு ஒரு வேலை கேட்டாள். அவர் தாராளமாகத் தலையாட்டினார். இளையவர் புதிதாகக் கட்டிய வீட்டு வாசலில் கேட் திறக்கிற வேலை. மாப்பிள்ளை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் அந்தப் பெரிய இரும்புக் கதவைத் திறந்தார். கார் நுழையும்போது இடது கையால் சல்யூட் அடித்தார். பதினோராவது நாள் இளையவர் காரை நிறுத்தச் சொன்னார்.

“என்னய்யா இது, எடது கையால சல்யூட் அடிக்கிறே? கிண்டலா?”

மாப்பிள்ளை சட்டைக் கையை ஏற்றி, இல்லாத கையைக் காட்டினார். காருக்குள் இருந்த விருந்தாளி ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“காலங்காத்தால இதையெல்லாம் பாக்கணுமா? இவன எவன் வாசல்ல போட்டது?” என்றார் இளையவர். மத்தியானத்துக்குள் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். மூத்தவரிடம் அவள் கேட்டதற்கு, “தம்பி இப்ப பெரிய ஆளும்மா. அவரு வாசல் லட்சணமா இருக்க வேண்டாமா?” என்றார்.

இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தெருவில் உட்கார்ந்தார்கள், எதிர்க்கட்சியும் வந்து சேர்ந்துகொண்டது. வாயை அடைக்க ஒரு விசாரணை வைக்க வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை இளையவரே நியமித்தார். லைன் அக்காவுக்குச் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது.

முந்தின நாள் மூத்தவர் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். குடும்பத்து வக்கீலும் இருந்தார்.

“அன்னிக்குக் காலையில நான் பேசினத நீ கேட்டியா?” என்று மூத்தவர் கேட்டார்.

“கேக்கல,” என்று வக்கீல் சொல்லிக்கொடுத்தார். “அடுத்தவங்க பேச்சக் கேக்கறது உங்க வேலை இல்ல. யார் என்ன சொல்லச் சொன்னாங்கன்னு கேட்டா, ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

“பயப்படாதே,” என்றார் மூத்தவர் அன்பாக. “அப்பா காலத்துல இருந்து நீ எழுதின நோட்டெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. எல்லாம் உன் கையெழுத்து. ஒண்ணு வெளிய போகாது.”

விசாரணை ஒரு பொதுக்கட்டடத்தின் நீண்ட அறையில் நடந்தது. மூன்றாவது வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள், மடியில் ரசீதுகள் வைத்த பிளாஸ்டிக் பையோடு. பக்கத்தில் மாப்பிள்ளை. அக்காவைப் பார்த்ததும் தங்கை தைரியம் சொல்வதுபோல் தலையசைத்தாள்.

சொல்லிக்கொடுத்தபடியே லைன் அக்கா சொன்னாள். கேட்கவில்லை. ஞாபகம் இல்லை. பிறகு குடும்பத்து வக்கீல் எழுந்தார். தனக்கு உதவத்தான் எழுகிறார் என்று அவள் நினைத்தாள்.

“பணம் பத்திரமா இருக்குன்னு சொல்லச் சொன்னது யாருன்னு ஞாபகம் இல்ல. அப்போ நீங்களாவே சொன்னீங்கன்னு எடுத்துக்கலாமா?”

அவள் மூத்தவரைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சாட்சி மறுக்கலைங்க ஐயா,” என்று வக்கீல் நீதிபதியிடம் சொல்லிவிட்டு, ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கையெழுத்து உங்களுதா?”

அது உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அன்னிக்குக் காலையில பதினோரு மணிக்கு முன்னாடி இவங்க தன் சேமிப்பு மொத்தத்தையும் வெளிய மாத்திக்கிட்டாங்க. மொத்த வங்கியில அப்படிச் செஞ்ச ஊழியர் இவங்க ஒருத்தர்தான். ஆதாரம் இருக்கிற கணக்கும் இது ஒண்ணுதான். தன் பணத்த எடுத்துக்கிட்டு, ஏழை ஜனங்ககிட்ட எடுக்காதேன்னு சொல்லியிருக்காங்க.”

அறையில் இரைச்சல் எழுந்தது. யாரோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார்கள். அவள் நீதிபதியையோ வக்கீலையோ பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். தங்கை கத்தவில்லை. அவள் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுவது போல இருந்தது. பதினோரு மணிக்கு முன்னாடி. தான் கூப்பிட்டது பதினொன்றே காலுக்கு. பிறகு ரசீதுப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தோளைத் தொட்டு எழுப்பி, வெளியே போனாள்.

இருநூறு பக்க அறிக்கை வந்தது. குடும்பத்தின் மேல் குற்றம் எதுவும் காணப்படவில்லை. தவறு செய்ததாக அதில் வந்தது ஒரே ஒருவர் பெயர், தொலைபேசி ஊழியர் ஒருத்தியின் பெயர். அவளை வேலையைவிட்டு நீக்கப்போவதில்லை என்று மூத்தவர் அறிவித்தார். “தப்பு செஞ்சவங்களையும் தெருவுல விடற குடும்பம் இல்ல நாங்க,” என்று அவர் சொன்னதைக் குடும்பத்துப் பத்திரிகை கட்டம் போட்டு வெளியிட்டது. பக்கத்திலேயே அவள் படம்.

அதோடு அவளுக்குத் தெருவில் முகம் காட்ட முடியவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். போன இடத்திலும் மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது; குழாயடியில் அவள் குடத்தை யாரோ எட்டி உதைத்தார்கள். தங்கை வீட்டுக் கதவை ஆறு முறை தட்டினாள். ஒவ்வொரு முறையும் உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. தன் சேமிப்பு முழுவதையும் தங்கை பெயருக்குக் காசோலை எழுதித் தபாலில் அனுப்பினாள். உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

வேலையை விடலாமா என்று நினைத்ததுண்டு. அறிக்கையில் பெயர் வந்தவளை வேறு எவன் சேர்ப்பான்? தினமும் போனாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் நோட்டையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

நாலு வருடத்தில் இளையவர் நாட்டின் தலைமைப் பதவிக்கு வந்தார். அன்று காலையிலிருந்து பலகையில் ஒரு விளக்குகூட அணையவில்லை. தூதர்கள், மில்காரர்கள், முன்னாள் எதிரிகள் எல்லாரும் மூத்தவருக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். அவள் தொண்டை கட்டும்வரை இணைப்புக் கொடுத்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல யாரும் கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், சாப்பாட்டு நேரம் முடிந்து அவள் வந்து உட்கார்ந்ததும் ஒரு விளக்கு எரிந்தது.

“வணக்கம். சொல்லுங்க.”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக. “மேடம், பழைய டெபாசிட் தவணை விஷயமாப் பேசணும். எந்த செக்ஷனுக்குங்க?”

ஐந்து வயதில் குளிர்காய்ச்சலோடு அவள் மார்பில் படுத்துக் கிடந்து, தண்ணீர் கேட்ட குரல். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தக் குரலுக்கும் இந்தக் குரல் தெரியாமல் இருக்காது.

“என்ன… என்ன விஷயமா?”

“டெபாசிட் என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவரு இறந்துட்டாரு. பதினெட்டு நாளாச்சு. மிச்சத் தவணைய என் பேருக்கு மாத்தணுங்க.”

லைன் அக்காவின் வாய் திறந்தது. எண்பது துளைகளில் ஏழெட்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றாள். “இருங்க, குடுக்கறேன்.”

வயரைச் செருகினாள். பொத்தானையும் தள்ளினாள். அங்கே இருந்த இளம் குமாஸ்தா இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். தங்கை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சாட்சிக் கையெழுத்துப் போட ரத்த உறவில் ஒருவர் வேண்டும் என்றான்.

“உங்க பக்கத்துல கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?”

“யாரும் இல்லைங்க.”

“ஒருத்தர்கூடவா?”

“இல்லைங்க. அப்படி யாரும் இல்ல.”

சரி, இரண்டு அக்கம்பக்கத்தார் போதும் என்று குமாஸ்தா சொன்னான். தங்கை நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். விளக்கு அணைந்தது.

அன்று பிற்பகல் லைன் அக்கா மூன்று அழைப்புகளைத் தவறான இடத்துக்குக் கொடுத்துவிட்டாள். அதில் ஒன்று இளையவரின் அலுவலகத்திலிருந்து வந்தது. மேலாளர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். தலைவலி என்று எழுதிக் கொடுத்தாள்.